நாவலைத் திரைக்கதை ஆக்குகிறவர் எழுத்தாளரா, வெட்டி ஒட்டுகிறவரா? ஆண்ட்ரூ டேவிஸ் பற்றி

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 3

பிபிசியின் பழைய சரித்திரத் தொடர்களைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். எதைத் திறந்தாலும் ‘திரைக்கதை: ஆண்ட்ரூ டேவிஸ்’ என்று வருகிறது. ஆஸ்டன், டிக்கன்ஸ், ஜார்ஜ் எலியட், டால்ஸ்டாய் எல்லாருக்கும் இவரே. கதை, பாத்திரம், வசனம் எல்லாம் நாவலிலேயே இருக்கும்போது இவர் என்ன எழுதினார்? வெட்டி ஒட்டுகிற வேலைக்கு இவ்வளவு பெயரா?

ஜூன் 3, இரவு

நாவலை வைத்துத் திரைக்கதை எழுதிப் பார்த்தவர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். ஆனாலும் பார்வையாளர் பக்கத்திலிருந்து நியாயமான கேள்விதான். விரிவாகச் சொல்கிறேன், ஒரே மூச்சில் முடியாது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். 1936 செப்டம்பர் 20-இல் வேல்ஸில் கார்டிஃப் நகரில் பிறந்தவர். அங்கே பள்ளிப் படிப்பு, பிறகு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆங்கில இலக்கியம். 1958 முதல் லண்டன் பள்ளிகளில் வாத்தியார் வேலை, 1963 முதல் கவென்ட்ரியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, அப்புறம் வாரிக் பல்கலைக்கழகம். 1987 வரை சம்பளத்துக்குப் பாடம் நடத்தியவர். வேலையை விட்டு முழுநேர எழுத்தாளர் ஆனபோது வயது ஐம்பது.

அதுவரை சும்மா இருக்கவில்லை. 1964-இல் வானொலி நாடகம், 1967-இல் பிபிசியின் புதன்கிழமை நாடக வரிசையில் முதல் தொலைக்காட்சி நாடகம். குழந்தைகளுக்கு எழுதிய ஒரு நாவலுக்கு கார்டியன் பரிசு கிடைத்தது. ‘ரோஸ்’ என்ற மேடை நாடகம் கிளெண்டா ஜாக்சன் நடித்து லண்டனில் ஓடி, பிராட்வேவுக்கும் போனது. இதெல்லாம் முழுக்க அவருடைய சொந்தச் சரக்கு. சொந்தமாக எழுதத் தெரியாமல் நாவல்களுக்குப் போனவர் இல்லை.

ஜூன் 4, காலை

நேற்று வாத்தியார் வேலையைச் சும்மா வாழ்க்கைக் குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போனேன். யோசித்துப் பார்த்தால் விஷயமே அதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஏறக்குறைய முப்பது வருடம் மாணவர்கள் முன்னால் நின்று, இந்த அத்தியாயத்தில் இவள் ஏன் இப்படிச் சொல்கிறாள், இவன் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். ஒரு நாவலை ரசித்துப் படிப்பது வேறு. புரியாத பிள்ளைக்குப் புரிகிற மாதிரி பிரித்துக் காட்டுவது வேறு. டேவிஸின் திரைக்கதைகளில் கதை குழம்புவதே இல்லை. யாருக்கு எவ்வளவு சொத்து, யார் யாரைக் கட்டிக்கொண்டால் யாருக்கு லாபம், வீட்டைவிட்டு வெளியே போக வேண்டி வந்தால் எங்கே போவார்கள் என்பதெல்லாம் முதல் அரை மணி நேரத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டு நாவலில் அதுதான் முதுகெலும்பு.

பல்கலைக்கழக வேலையிலிருந்தே ஒரு தொடரும் பிறந்தது. 1986-இல் வந்த ‘எ வெரி பெக்யூலியர் பிராக்டிஸ்’. லோலண்ட்ஸ் என்ற கற்பனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்தில் வேலைக்குச் சேரும் ஒரு பயந்த சுபாவமுள்ள இளம் டாக்டரின் கதை. அந்த வளாகத்தில் இரண்டு கன்னியாஸ்திரிகள் அவ்வப்போது வந்து குப்பைத்தொட்டியைக் கிளறிவிட்டுப் போவார்கள். ஏன் என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. மார்கரெட் தாட்சர் காலத்தில் பல்கலைக்கழகங்களில் பணம் எப்படி வெட்டப்பட்டது, படிப்பு எப்படி வியாபாரம் ஆனது என்பதை அதைவிட நன்றாகச் சொன்ன தொடரை நான் பார்த்ததில்லை. நாவல் தழுவல் இல்லை, முழுக்க அவர் எழுதியது. கேள்வி கேட்ட நண்பர் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 4, மாலை

இப்போது நேராகக் கேள்விக்கு வருகிறேன். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’, பிபிசி, 1995, ஆறு பகுதிகள். நாவல் எப்படித் தொடங்குகிறது? பணமுள்ள பிரம்மச்சாரிக்குப் பெண்டாட்டி தேவை என்று உலகமே ஒப்புக்கொள்கிறது என்ற அந்தப் புகழ்பெற்ற வரி. அதைத் தொடர்ந்து நாயகி எலிசபெத்தின் பெற்றோர், பென்னட் தம்பதி, பேசிக்கொள்கிறார்கள். தொடர் எப்படித் தொடங்குகிறது? இரண்டு ஆண்கள் குதிரையில் நாலுகால் பாய்ச்சலில் வருகிறார்கள். நெதர்ஃபீல்டு மாளிகையைப் பார்த்து, எடுத்துக்கொள்ளலாமா என்று பேசுகிறார்கள். மேட்டில் நின்று ஒரு பெண் அவர்களைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுத் துள்ளிக்கொண்டு இறங்கி வீட்டுக்குப் போகிறாள்.

நாவலில் இந்தக் காட்சி கிடையாது. ஆனால் நாவலில் இருப்பதெல்லாம் இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. பணம் குதிரையில் வருகிறது, பெண் நடந்து போகிறாள், அவள் பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் புகழ்பெற்ற வரி எங்கே போனது? தேவாலயத்திலிருந்து திரும்பும்போது அம்மா மாப்பிள்ளைக் கனவில் பேசிக்கொண்டு வர, எலிசபெத் அதைக் கிண்டலாக எடுத்துவிடுகிறாள். ஆசிரியரின் குரலை நாயகியின் வாயில் வைத்துவிட்டார். இனி இந்தக் கதையில் ஆஸ்டனின் கண் யாரிடம் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிட்டது. இதை வெட்டி ஒட்டுவது என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 5

“டார்சி குளத்திலிருந்து ஈரச் சட்டையோடு வரும் காட்சியை ஆஸ்டன் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்” என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். டார்சி அந்த நாவலின் நாயகன்தான், ஆனால் அந்தக் காட்சியை ஆஸ்டன் எழுதவில்லை. 43ஆம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். எலிசபெத் மாமா, மாமியோடு டார்சியின் மாளிகையான பெம்பர்லியைச் சுற்றிப் பார்க்கும்போது, குதிரை லாயத்துக்குப் போகும் வழியிலிருந்து டார்சி திடீரென்று எதிரே வருகிறான். உலர்ந்த ஆடையில், மரியாதையாக. இரண்டு பேர் கன்னமும் சிவக்கிறது. அவ்வளவுதான்.

டேவிஸ் அவனைக் குளத்தில் குதிக்க வைத்தார். அவர் பல பேட்டிகளில் சொல்லிவிட்டார், அவர் யோசித்தது கவர்ச்சியை அல்ல, சங்கடத்தை. தலை முதல் கால் வரை ஒழுங்காக உடுத்திய மனிதன் ஒருவன், தன்னை வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் முன்னால் சொட்டச் சொட்ட நிற்கிறான். இருவரும் எதுவும் நடக்காத மாதிரி “உங்கள் பெற்றோர் நலமா?” என்று பேசியாக வேண்டும். காலின் ஃபிர்த்தும் ஜெனிஃபர் ஈலியும் நடித்திருப்பதைப் பாருங்கள். பெற்றோரைப் பற்றி விசாரித்தவன் பதட்டத்தில் அதையே மறுபடி விசாரிக்கிறான்.

படப்பிடிப்பு செஷையரில் லைம் பார்க் மாளிகையில். தொடர் வந்தபிறகு அங்கே பார்வையாளர் கூட்டம் அள்ளியது. 2013-இல் லண்டன் ஹைட் பார்க்கின் செர்பென்டைன் ஏரியில் 12 அடி உயர டார்சி சிலையையே நிறுத்தினார்கள். எழுதியவர் நினைத்தது ஒன்று, ஊர் எடுத்துக்கொண்டது இன்னொன்று. முதல் பகுதி ஒளிபரப்பான 1995 செப்டம்பர் 24 அன்று டேவிஸுக்கு 59 வயது முடிந்து நாலு நாள்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

2005-இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கீரா நைட்லி படம் வேறு, திரைக்கதை டெபோரா மொகாக். 1995-இல் வந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ படம் எம்மா தாம்சன் எழுதியது, அதற்கு ஆஸ்கர் வாங்கினார். அதே நாவலை டேவிஸ் எழுதியது 2008-இல், தொலைக்காட்சிக்கு. மூன்றையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜூன் 7

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

சில வருடம் டிவி சீரியலுக்கு வசனம் எழுதினேன். ஒருமுறை நல்ல சிறுகதை ஒன்றை ஒரு மணி நேர டெலிஃபிலிமாக எழுதும் வாய்ப்பு வந்தது. கதையில் ஒரு விதவை, கணவனின் தம்பி ஊரிலிருந்து வந்திருக்கிறான், அவள் காபி கொண்டுபோய் வைக்கிறாள். கதாசிரியர் அந்த இடத்தில் ஒரு பக்கம் முழுக்க அவள் மனதை எழுதியிருந்தார். நானும் பக்தியோடு அதை அப்படியே பின்னணிக் குரலாகப் போட்டுக்கொண்டு போனேன். டிஸ்கஷனில் இயக்குநர் பேப்பரைப் படித்துவிட்டு, “இந்த நேரத்துல அந்தப் பொண்ணு கை என்ன பண்ணுது?” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியோடு அன்றைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் டம்ளரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்து ஒரு கை தள்ளி வைக்கிறாள் என்று எழுதினேன். பக்கம் முழுக்க இருந்த எண்ணம் அதில் வந்துவிட்டது என்று இயக்குநர் சொன்னார். எனக்கு அரைவாசி வந்ததாகத்தான் பட்டது. ஒரே ஒரு இடத்துக்கு இந்தப் பாடு. டேவிஸ் ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ மாதிரி ஒரு மலையை ஆறு பகுதிக்குள் கொண்டுவந்திருக்கிறார். வாக்கியத்துக்கு வாக்கியம் மனித மனதைத் தோண்டிக்கொண்டே போகிற நாவல் அது. 1994-இல் ஸ்டாம்ஃபோர்டு ஊரின் கல் வீதிகளில் எடுத்தார்கள். தொடர் ஓடிய நாட்களில் நாவல் பிரிட்டனில் அதிகம் விற்கும் புத்தகங்களின் வரிசைக்கு வந்தது. சரித்திரத் தொடர் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த பிபிசிக்கு மறுபடி தைரியம் கொடுத்ததும் அதுதான்.

ஜூன் 7, இரவு

மேலே எழுதியதோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். மனதைக் கைக்கு மாற்றுவது பாதி வேலை. மறுபாதி, நாவல் யாரைப் பார்க்கவில்லை என்று கண்டுபிடிப்பது. பெண்கள் இல்லாத இடத்தில் ஆண்கள் மட்டும் இருக்கும் காட்சிகளை ஆஸ்டன் எழுதுவதே இல்லை எனலாம். ஆகவே டார்சி நாவலின் பெரும்பகுதியில் எலிசபெத் பார்க்கும்போது மட்டும்தான் உயிரோடு இருக்கிறான். அவள் பார்க்காதபோது அவன் என்ன செய்கிறான்? டேவிஸ் கேட்டது இதைத்தான். அதனால்தான் அவன் தொட்டியில் குளிக்கிறான், ஜன்னலிலிருந்து அவள் நாயோடு விளையாடுவதைப் பார்க்கிறான், வாள் பயிற்சி செய்துவிட்டு ‘இதை வென்றே தீருவேன்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான்.

ஜூன் 10

“கிளாசிக் நாவலில் கட்டில் காட்சியை நுழைக்கிறவர்” என்ற குற்றச்சாட்டு வந்துவிட்டது. இந்த இழையில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிரிட்டிஷ் பத்திரிகைகள் முப்பது வருடமாக இதையே எழுதுகின்றன.

இதை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது, முழுசாக ஏற்கவும் முடியாது. 2016-இல் வந்த ‘வார் அண்ட் பீஸ்’ தொடரில் எலேன் என்ற பெண்ணும் அவள் சகோதரன் அனடோலும் ஒரே படுக்கையில் இருப்பதைக் காட்டினார், பெரிய கூச்சல் எழுந்தது. ஆனால் நாவலில் நாயகன் பியர் அவளைக் கட்டிக்கொள்ள யோசிக்கும்போதே அந்த வதந்தி அவன் நினைவுக்கு வருகிறது. டால்ஸ்டாய் கோடிட்டதை டேவிஸ் திறந்து காட்டினார். அதில் தப்பில்லை என்பது என் கட்சி. பியர் எப்படிப்பட்ட வீட்டில் போய் விழுகிறான் என்று பார்ப்பவனுக்கு உடனே தெரிய வேண்டும்.

‘சாண்டிடன்’ வேறு விஷயம். அங்கே ஆண்கள் நிர்வாணமாகக் கடலில் இறங்குவது கதைக்கு எதையும் சேர்க்கவில்லை. டார்சியின் குளத்தில் ஒரு சங்கடம் இருந்தது, அதனால் கதை நகர்ந்தது. இந்தக் கடலில் உடம்பு மட்டும்தான் இருக்கிறது.

ஜூன் 11

‘சாண்டிடன்’ பெயர் வந்ததால் முடிக்கப்படாத நாவல்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்டன் 1817-இன் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்து, உடம்பு முடியாமல் நிறுத்தி, ஜூலையில் இறந்துபோனார். கையில் இருப்பது சில அத்தியாயங்கள்தான். டேவிஸ் முதல் பகுதியிலேயே அதைத் தீர்த்துவிட்டு மீதியைத் தானே அமைத்தார். 2019-இல் ஐடிவியில் வந்தது. முதல் பருவத்தை நாயகனும் நாயகியும் பிரிவதாக முடித்தார். ரசிகர்கள் கொதித்துப்போய் இயக்கமே நடத்தினார்கள், பிறகு இன்னும் இரண்டு பருவங்கள் வந்தன.

இதைவிட எனக்குப் பிடித்தது ‘வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்’, 1999. எலிசபெத் கேஸ்கல் 1865 நவம்பரில் இறந்தபோது கடைசிப் பகுதி எழுதப்படாமல் நின்றது. நாயகி மாலியும் ரோஜரும் சேர்வார்கள் என்று படிக்கிறவருக்குத் தெரியும், ஆனால் அந்தப் பக்கம் இல்லை. டேவிஸ் மழையில் நனைந்துகொண்டு நிற்கும் ரோஜரை எழுதினார். அதோடு நிறுத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மாலியை ரோஜரோடு ஆப்பிரிக்காவுக்கே அனுப்பினார். கால்சட்டை போட்டுக்கொண்டு பாலைவனத்தில் கணவனோடு சமமாக நடக்கிறாள். கதை முழுக்க அப்பா, சித்தி, சித்தியின் மகள் என்று எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தே பழகிய பெண் அவள். அவளுக்கு எழுதிய கடைசிக் காட்சி இது.

ஜூன் 13

‘டௌன்டன் அபே’ தொடரும் இவருடையதா என்று கேட்டவருக்கு: இல்லை. அதை எழுதியது ஜூலியன் ஃபெல்லோஸ், அசல் கதை, நாவல் தழுவல் இல்லை.

ஜூன் 14

அரசியல் தொடரை யாரும் தொடவில்லையே. ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ என்றால் எல்லாரும் 2013-இன் அமெரிக்கத் தொடரைச் சொல்கிறீர்கள். அதற்கு மூலம் பிபிசியின் 1990 தொடர், எழுதியது டேவிஸ். மைக்கேல் டாப்ஸின் நாவல். நாவலின் முடிவில் நாயகனான சூழ்ச்சிக்கார அரசியல்வாதி அர்க்கர்ட் சாகிறான். டேவிஸ் அதை மாற்றி, அவன் தன்னோடு பழகும் ஒரு பெண் பத்திரிகையாளரை மாடியிலிருந்து தள்ளிக் கொல்வதாகவும் பிரதமர் ஆவதாகவும் எழுதினார். டாப்ஸ் அந்த முடிவை ஏற்றுக்கொண்டு அடுத்த நாவல்களை எழுதினார். தழுவியவர் மூல ஆசிரியரின் கதையையே திருப்பிவிட்ட சம்பவம் இது.

முதல் காட்சியில் அர்க்கர்ட் மேசையிலிருக்கும் தாட்சர் படத்தைக் கையில் எடுத்து, எதுவும் நிரந்தரமில்லை என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறான். ஒளிபரப்பானது 1990 நவம்பர் 18. நவம்பர் 22 அன்று தாட்சர் பதவி விலகுவதாக அறிவித்தார். கேமராவைப் பார்த்துப் பேசும் உத்தியை ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டிடமிருந்து எடுத்ததாக டேவிஸ் சொல்லியிருக்கிறார். வாத்தியார் மூளை. இதற்கு எம்மி விருது கிடைத்தது.

ஜூன் 17

டிக்கன்ஸ் பற்றிக் கேட்டவருக்கு. ‘பிளீக் ஹவுஸ்’ 1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரை மாதா மாதம் இதழாக வந்த தொடர்கதை. தொலைக்காட்சிக்காரர்கள் அதை எப்போதும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு ஒரு மணி நேரப் பகுதிகளாகத்தான் யோசிப்பார்கள். 2005-இல் முதல் பகுதி ஒரு மணி, மீதி பதினான்கும் அரை மணி என்று, வாரம் இருமுறை, ஜனரஞ்சக சீரியல் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ முடிந்த கையோடு ஒளிபரப்பினார்கள். டிக்கன்ஸைச் சீரியல் பார்க்கிறவர்களிடமே கொண்டுபோய்ச் சேர்த்தது நல்ல முடிவு. தொடர்கதைக்கு வாராவாரம் காத்திருந்து பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அரை மணிக்கு ஒரு கொக்கி வேண்டும். டேவிஸ் ஒவ்வொரு பகுதியையும் யாரோ ஒருவர் எதையோ கண்டுபிடிக்கும் இடத்தில் நிறுத்தினார். வக்கீல் டல்கிங்ஹார்னாக சார்லஸ் டான்ஸ். மூக்குக்கு மேலே கண்ணாடியைத் தூக்கி ஒரு காகிதத்தைப் பார்த்தாலே ரகசியம் ஒன்றை மறைத்து வாழும் லேடி டெட்லாக் செத்தாள் என்று தோன்றும்.

அடுத்து 2008-இல் ‘லிட்டில் டாரிட்’, அதே அமைப்பு. மெர்டில் என்ற பெரும் பணமுதலை எல்லாருடைய சேமிப்பையும் விழுங்கிவிட்டுக் கவிழும் கதை. உலகமெங்கும் வங்கிகள் ஆடிக்கொண்டிருந்த அந்த இலையுதிர்காலத்தில் ஒளிபரப்பானது. அமெரிக்காவில் ஏழு எம்மி, அதில் திரைக்கதைக்கும் ஒன்று. அப்படி வந்தும், 2009-இல் அவர் எழுதிக்கொண்டிருந்த டிக்கன்ஸின் ‘டோம்பி அண்ட் சன்’ தொடரை பிபிசி கைவிட்டது. அவர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். எனக்கும் இன்றுவரை அது ஆறவில்லை. மகனையே வியாபாரமாகப் பார்க்கும் அப்பாவின் கதை அது, அவர் கையில் எப்படி வந்திருக்கும்!

ஜூன் 21

‘எ சூட்டபிள் பாய்’ விவகாரம். 2020, பிபிசி, இயக்கம் மீரா நாயர். விக்ரம் சேத்தின் 1,300 பக்கத்துக்கு மேற்பட்ட நாவல் ஆறு பகுதிகளில். இந்தியக் கதையை எண்பது வயது தாண்டிய வெள்ளைக்காரர் எழுதலாமா என்று பெரிய சண்டை. விக்ரம் சேத்துக்கு டேவிஸ் எழுதுவதில் முழுச் சம்மதம் என்பதை நினைவில் வையுங்கள்.

எழுதலாமா கூடாதா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. தோலின் நிறத்தைவிடக் காதுதான் எனக்கு முக்கியம். 1951-இல் வட இந்தியாவில் ஒரு அம்மா தன் மகளிடம் எப்போது ஆங்கிலம், எப்போது இந்தி பேசுவாள் என்பது அங்கே வளர்ந்தவருக்கு யோசிக்காமலே வரும். தொடரில் அம்மாவும் மகளும் வீட்டுக்குள் விடாமல் ஆங்கிலத்தில் பேசும்போது காட்சி கட்டை மாதிரி நிற்கிறது. உருது வரும் இடங்களில், முக்கியமாக தபு நடித்த சயீதா பாய் பாடும் இடங்களில், தொடர் மூச்சு விடுகிறது. மத்தியப் பிரதேசத்தில் கோயில் பின்னணியில் முத்தக் காட்சி என்று போலீஸ் வழக்கு வரைக்கும் போனது, அது வேறு அரசியல்.

ஆனால் கதைக்கோப்பு என்று பார்த்தால் அந்த நாலு குடும்பங்களை ஆறு மணிநேரத்தில் குழப்பமில்லாமல் கொண்டுபோனது சாதாரண வேலை இல்லை. நாயகி லதாவின் மூன்று வரன்களையும் மாறி மாறிக் கொண்டுவந்து, நடுவில் மான் கபூரின் வீழ்ச்சியை வளர்த்துக்கொண்டே போகிறார். அந்த எலும்புக்கூடு அவருடையது, பலமானது. பேச்சைத்தான் வேறொருவர் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் 22

எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்ட தங்கைக்கு: 1995 ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாலாவது பகுதி. அதற்கு முன் நாவலின் 35ஆம் அத்தியாயத்தைப் படித்துவிடு. அதில் பெரும்பகுதி டார்சியின் கடிதம்தான். ஒருவன் எழுதிய நீளமான கடிதத்தைத் திரையில் எப்படிக் காட்டுவாய் என்று நீயே ஒரு தாளில் ஒன்லைன் (காட்சிச் சுருக்கம்) எழுதிப் பார். அப்புறம் டேவிஸ் எழுதியதைப் பார். மூன்றாவது பகுதி, டார்சி கல்யாணம் கேட்டதற்கு எலிசபெத் சொன்ன மறுப்போடு முடிந்திருக்கும். நாலாவதில் அவன் ராத்திரி முழுக்க மேசையில் உட்கார்ந்து எழுதுகிறான், கேம்பிரிட்ஜில் விக்கம் அடித்த கூத்து, ராம்ஸ்கேட்டில் டார்சியின் தங்கையை விக்கம் ஏமாற்றப் பார்த்தது எல்லாம் வந்து போகிறது. கடிதம் அவள் கைக்குப் போவதற்கு முன்னாலேயே நாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோம். நாவலில் அவள்தான் முதலில் படிப்பாள்.

உன் ஒன்லைனை இங்கேயே போடு, பார்க்கிறேன்.